நாய் வராத வீடு

1

சென்ற செவ்வாய்க்கிழமை என் மகளின் கறுப்புக் கோட்டில் நாய் முடி கண்டேன். பழுப்பும் வெள்ளையுமாக ஏழெட்டு முடி. பள்ளிக்கூடத்தால் வந்தவள் கோட்டைக் கதிரையில் எறிந்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதை எடுத்து மாட்டப் போன நான், மாட்டாமல் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

என் ஊர் கல்முனையிலிருந்து இதை வாசிக்கிற உங்களில் சிலர் இந்த இடத்திலேயே அஸ்தஃபிருல்லாஹ் சொல்லியிருப்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று பின்னால் வருகிறது, அது நாயால் வந்ததல்ல.

அதே செவ்வாய்க்கிழமைதான் என் மனைவி ஹாஜறாவின் அக்கா, ராத்தாவிடமிருந்து கடிதமும் வந்தது. ஹாஜறா மௌத்தாகி ஐந்து வருடம். வழக்கம் போல ஊரில் கத்தம் ஓதி, சோறாக்கி, இத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எழுதியிருந்தார். கடைசியில், "மகள் எப்படி, தமிழ் கதைக்கிறாளா?" என்று ஒரு கேள்வி. ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு வருடமும் "ஓம், கதைக்கிறாள்" என்று எழுதிவிடுவேன். பொய். மகள் பஸ்லியா ஐந்து வருடமாக என்னோடு தமிழில் ஒரு முழு வசனம் கதைத்ததில்லை.

அது சின்னப் பொய். இன்னொரு பொய் இருக்கிறது. அதை ஹாஜறா கண்ணை மூடிய கிழமையிலேயே மகளிடம் சொன்னேன். இரண்டு சாதிக் குட்டை நாய்களில் எதை வாங்குவது என்று யோசித்து யோசித்து நாளைக் கடத்திய ஒரு தகப்பன் சொன்ன பொய் அது. அதை அவளிடம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைக்கிறேன். ஒத்துக்கொண்டால் இருக்கிற ஒரே பிள்ளையும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோட்டில் இருந்த முடியைக் கண்ட பிறகு மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

2

ஊரில் நான் விஞ்ஞான மாஸ்டர். இங்கே, இங்கிலாந்தின் வடக்கே, மழையும் புகைபோக்கியுமாக ஒரு பட்டணத்தில், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் மேற்பார்வையாளன். மேற்பார்வை என்றதும் மேசையும் மின்விசிறியும் என்று கற்பனை பண்ணாதீர்கள். மெஷின் நின்றால் ஓடிப்போய்ப் பார்க்கிறவன் நான்தான். எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் வீட்டு ஓடுகளையும் வளவுத் தென்னைகளையும் கொண்டுபோன அடுத்த வருடம், படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். படிப்பு முடியவில்லை, வேலை பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து ஹாஜறாவும் ஐந்து வயதுப் பஸ்லியாவும் வந்தார்கள்.

ஹாஜறாவை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்குடியில் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் மாதம். மாரி மழை. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு நாய் வந்து என் புறங்காலை நக்கிவிட்டுப் போய்விட்டது. கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பகிடி போலச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்பிடியே நில்லுங்க! படியில கால வெச்சிராதீங்க!" என்றாள் ஹாஜறா.

கிணற்றடிக்கு ஓடினாள். ஒரு வாளி தண்ணீர், ஒரு சிரட்டை மண். நாய் நக்கிய இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டுமே: முதல் தண்ணீர் மண்ணோடு, மிச்சம் ஆறு வெறும் தண்ணீர். நான் மழையில் ஒற்றைக் காலில் நின்றபடி கிருமி என்றால் என்ன, சவர்க்காரம் அதை எப்படிக் கொல்லும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"நீங்க அதப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுங்க. இஞ்ச நான் எண்ணுற."

"ஏழு முடிஞ்சுது" என்றேன் நான்.

"ஆறு. எண்ணத் தெரியாத மாஸ்டரையா எங்க வாப்பா எனக்குப் புடிச்சாரு?" என்று சொல்லி, ஏழாவது தண்ணீரைக் காலில் ஊற்றாமல் தலையில் ஊற்றினாள்.

அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது. அதுவரைக்கும் பெரியவர்கள் முடித்துவைத்த பெண்ணாகத்தான் இருந்தாள்.

இங்கே வந்த பிறகும் அவள் சட்டம்தான் வீட்டில் நடந்தது. செருப்பு வாசலில். சாப்பாடு கையால். பேச்சு தமிழில். பஸ்லியா வெளியே எத்தனை இங்கிலிஷ் கதைத்தாலும், படியேறி இரண்டாம் மாடிக் கதவைத் திறந்ததும் நாக்கை மாற்ற வேண்டும். ஹாஜறாவுக்கு இங்கிலிஷ் அவ்வளவாக வராது. கடையில், டொக்டரிடத்தில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிள்ளைதான் மொழிபெயர்ப்பு. உம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

3

எண்பத்து மூன்று கடைசியில், ஹாஜறாவுக்கு வந்த நோயைச் சுகப்படுத்த முடியாதென்று டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். முன் அறையில் யன்னலோரம் கட்டிலைப் போட்டோம். கிழமைக்கு மூன்று தரம் ஒரு தாதி வந்து மருந்து கொடுத்துப் போவாள். டொக்டர் சொன்னதை எல்லாம் உம்மாவுக்குத் தமிழாக்கிச் சொன்னவள் பஸ்லியாதான். பத்து வயதுப் பிள்ளை. அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை சொன்னாள்.

"வாப்பா, எனக்கொரு நாய் வேணும்."

"என்ன வேணும்?"

"நாய். சின்ன நாய். ஊட்டுக்குள்ள வெச்சிக்கிற நாய்."

இந்த ஊர்க்காற்று பிள்ளைக்கும் பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஏசினேன். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அடுத்த நாளும் அதே குரலில் அதையே கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். தாதி அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். இப்படியான வீட்டில் நாய் ஒன்று இருந்தால் பிள்ளைக்கும் ஆறுதல், நோயாளிக்கும் ஆறுதல் என்று சொல்லி, நகரசபையில் இருந்து ஒரு படிவத்தையும் கொண்டுவந்து தந்தாள். நாங்கள் இருப்பது நகரசபை வீடு. மேல் மாடியில் இருக்கிறவர்கள் நாய் வளர்ப்பதென்றால் அனுமதி வேண்டும், அதுவும் மடியில் வைத்துக்கொள்கிற அளவு நாய்தான் வேண்டும். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் ஒரு பூனை கூடத் தும்ம முடியாது. அந்தப் படிவத்தில் நடுவில் ஒரு பெட்டி. என்ன சாதி நாய் என்று எழுத வேண்டும்.

ஹாஜறா கட்டிலில் கிடந்தபடி அதை எட்டிப் பார்த்தாள். "என்ன கேக்காங்க மகள் இதுல?"

"இனம் கேக்காங்க உம்மா."

"இனமா? எங்கட பொறப்புச் சான்றிதழ்லயும் அதத்தானே எழுதின. நாயையும் உடமாட்டாங்களாமா?"

சிரித்தாள். சிரித்து இருமினாள். பிள்ளை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த கிழமை பஸ்லியா நூலகத்தில் இருந்து ஒரு நாய்ப் புத்தகம் எடுத்து வந்தாள். முழுவதையும் வாசித்து இரண்டைத் தெரிவுசெய்து வைத்திருந்தாள். ஆட்டுக்கோ வேட்டைக்கோ இல்லாமல் மனிதரோடு கூட இருக்கவென்றே வளர்த்த சாதிகளாம். அதை அவள் உம்மாவுக்கு "கூட்டாளி நாய்" என்று தமிழாக்கினாள்.

ஒன்றுக்குப் பெயர் கவலியர். தொங்கும் காது, பெரிய கண், பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டு மாதிரி முடி. ஆளை விட்டு அசையாது, கட்டிலில் படுத்தால் கட்டிலில், கதிரையில் இருந்தால் மடியில். காண்கிறவர்களை எல்லாம் நக்கும். மற்றது பெக்கினீஸ். தட்டை மூக்கு, பிடரி மயிர், அரசாங்க உத்தியோகத்தர் போல ஒரு முகம். எல்லாரையும் நக்காது. ஆனால் வாசலில் புது ஆள் காலடி கேட்டால் விடாமல் குரைக்கும். குறட்டை விடும்.

"கவலியரா?" என்றாள் ஹாஜறா. "பேரிலயே கவலை இரிக்கி. நமக்கு இரிக்கிற கவலை காணாதா?"

"மற்றது குறட்ட உடுமாம் உம்மா."

"ஒங்க வாப்பாவும் உடுறாருதானே. சோடியாக் கிடக்கட்டும்."

நாய் வாங்குகிற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. ஆனால் நோய் வந்து மாதக்கணக்கில் அவள் இப்படிக் கதைத்ததில்லை. அதனால் நானும் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொண்டேன். பட்டணத்துக்கு வெளியே இந்த இரண்டு சாதியும் வளர்த்து விற்கிற ஒரு பெண்மணி இருந்தாள். தாதி இலக்கம் தந்தாள், தொலைபேசியில் பேசினேன். நமக்குள்ள சட்டம் உங்களுக்குத் தெரியும். காய்ந்த நாய் காய்ந்த கையில் பட்டால் குற்றமில்லை, ஈரம் பட்டால்தான் ஏழு தண்ணீர். ஆகவே நான் அவளிடம் முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் இரண்டு சாதியில் எது அதிகம் காய்ந்த நாய்?"

அவள் மிகுந்த மரியாதையோடு, பழக்கிவிட்டால் இரண்டும் வெளியே போய்த்தான் சிறுநீர் கழிக்கும் என்றாள். அதில்லை, நாக்கைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன். நக்காத நாய் வேண்டுமென்றால் துணியில் செய்தது கடையில் கிடைக்கும் என்றாள்.

இதை நான் வீட்டில் நடித்துக் காட்டினேன். ஹாஜறா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பஸ்லியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கேள்விகள் இருந்தன.

"எது குறைய நித்திரை கொள்ளும், வாப்பா? எது ராவைக்கும் அறைய உட்டுப் போகாது? வாசல்ல இரிக்கிறது நல்லமா, கட்டில்ல இரிக்கிறது நல்லமா?"

பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

4

ஒரு நாள் வேலையால் வந்து கோட்டைக் கழற்றுமுன் ஹாஜறா கூப்பிட்டாள். பஸ்லியா கீழே கடைக்குப் போயிருந்தாள்.

"இஞ்ச வந்து இரிங்க. புள்ள ஏன் நாய் கேக்கா தெரியுமா?"

"ஏன்? கூட்டாளிமார்ட இரிக்கும்."

"இல்ல." கொஞ்சம் மூச்செடுத்தாள். "அவக்கு ஏழு வயசு இரிக்கக்குள்ள, கீழ்ஊட்டு நாயத் தடவிட்டு வந்தா. நான் கழுவி உட்டுட்டுச் சென்னன், நாய் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க மகள், அதான் நாம வளக்கிறல்ல எண்டு. அத மறக்காம வெச்சிரிக்கா. நேத்து என்னட்டக் கேக்கா, றூஹ எடுக்க வாறவரும் மலக்குதானே உம்மா எண்டு."

நான் கோட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் வேலையில் எத்தனை பிள்ளைகளின் தப்பான விடைகளைத் திருத்தியிருக்கிறேன். பஸ்லியா உம்மா சொன்னதையும் மார்க்கம் சொன்னதையும் கூட்டிப் பார்த்து, உயிரெடுக்க வருகிற வானவரையும் நாய் தடுக்கும் என்று ஒரு விடை எடுத்திருந்தாள். அந்த விடைக்குச் சிவப்புப் பேனையால் பிழை போட என்னால் ஏலாது. ஆனாலும் சொன்னேன்.

"நான் செல்றன் அவள்ட. அந்த மலக்கு வேற, அவரு எங்கயும் வருவாரு எண்டு விளங்கப்படுத்துறன்."

"விளங்கப்படுத்திப் போட்டு? அவட கையில வேற என்ன இரிக்கி? டொக்டர் சென்ன எல்லாத்தையும் அவதானே எனக்குச் செல்லித் தந்த. ஒண்டையும் ஒளிக்கல்ல. ஒரு மறுமொழி செல்ல ஏலாம இப்ப நாயத் தேடுறா." ஹாஜறா என் கையைப் பிடித்தாள். "வாங்கிக் குடுங்க."

"ஹாஜறா, ஒனக்கு… அந்த நேரத்துல றஹ்மத்துடைய மலக்குமார்…" கருணை கொண்டுவருகிற வானவர்களும் அவளிடம் வராமல் போய்விடுவார்களே என்று சொல்லி முடிக்கவில்லை.

"நானும் யோசிச்சன். கேளுங்க. நாய் வராம நான் போனா, நாய் இல்லாததாலதான் உம்மா போன எண்டு அவ உசிருள்ளவரைக்கும் நினைப்பா. நாய் வந்த பொறகு நான் போனா, அது நாயிட குத்தம். கடைசி அவ அந்த நாயத்தான் ஏசுவா. தன்ன ஏசமாட்டா, ஒங்களையும் ஏசமாட்டா."

பிறகு அவள் தன் வாப்பாவின் நாயைப் பற்றிச் சொன்னாள். என் மாமனார் போடியார், பெரிய வயற்காரர். ஊருக்கு மேற்கே அவருக்கு வட்டையில் வயல் இருந்தது, பன்றிக் காவலுக்கு வாடிக் குடிசையில் ஒரு நாயும் இருந்தது. மாமனார் வண்டிலில் ஊருக்குத் திரும்பும்போது அது பாலம் வரைக்கும் பின்னால் வரும், பாலத்தில் நின்றுவிடும். வண்டிலில் இருந்த சின்ன ஹாஜறா அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாளாம். ஒரு தரம் வாப்பாவிடம் கேட்டாளாம், இது மட்டும் ஏன் நமக்கு ஹறாமில்லை என்று. காவல் நாய்க்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது மகள் என்றாராம் அவர்.

"இவ கேக்கிறதும் காவலுக்குத்தானே" என்றாள் ஹாஜறா. "எந்த மௌலவிட்டயும் கேளுங்க. காவல் நாய் வெக்கலாம்."

அவளுடைய சட்டத்தை அவளே எனக்காகத் திறந்துவிட்டாள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெட்டியில் ஒரு நாயின் பெயரை எழுதி, படிவத்தைத் தபாலில் போட வேண்டும்.

5

போடவில்லை.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஒரு கொப்பியில் நடுவே கோடு கிழித்தேன். ஒரு பக்கம் கவலியர், மறுபக்கம் பெக்கினீஸ். முடி கொட்டுவது, நக்குவது, குரைப்பது, சாப்பாடு. விஞ்ஞான மாஸ்டர் அல்லவா, ஆராய்ச்சி! கவலியர் என்று முடிவெடுத்தால் அடுத்த நாள் நக்குவது ஞாபகம் வரும். பெக்கினீஸ் என்று முடிவெடுத்தால் குரைத்து நோயாளியின் நித்திரையைக் கெடுக்குமே என்று தோன்றும். அந்தப் பெண்மணிக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். "ரெண்டையும் வடிவா விசாரிக்கணும் மகள்" என்று பிள்ளையிடம் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். ஹாஜறா மூன்று தரம் ஞாபகப்படுத்தினாள். மூன்றாம் தரம் அவளுக்குச் சத்தம் வரவில்லை. உதட்டை அசைத்துப் படிவம் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள். "நாளைக்குக் கட்டாயம்" என்றேன்.

மலக்குகளுக்காகத்தான் தயங்கினேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியின் ஆகிறத்துக்காக, அவளுடைய மறுமைக்காக என்று. அதில் உண்மை கொஞ்சம்தான். மீதி உண்மை, எனக்கு உங்களைப் பயம். ஓம், உங்களைத்தான். லண்டனில் இருக்கிற நம் ஊர்க்காரர் யாராவது நோய் பார்க்க வருவார். கதவைத் திறந்ததும் நாய் ஓடிவரும். நான் கடிதம் எழுதி ஒட்டுமுன் செய்தி கல்முனைச் சந்தைக்குப் போய்விடும். "மாஸ்டர் நாய் வளக்கிறாராம். பொஞ்சாதி மௌத்துக் கட்டில்ல கிடக்க, காலடியில நாய் படுத்திரிக்காம்." அந்தப் பேச்சை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு நான் கேட்டேன். கட்டிலில் கிடந்தவள் சொன்னது அவ்வளவாகக் காதில் விழவில்லை.

ஒரு வியாழக்கிழமை பகல் ஹாஜறா போய்விட்டாள். தாதி ஒரு பக்கம் நின்றாள், நான் மறுபக்கம் யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில். வீடு சுத்தம், அறை சுத்தம். நாய் முடி ஒன்றுகூட இல்லை.

பஸ்லியா வந்து வாசலில் நின்று பார்த்தாள். முகத்தை மூடியிருந்த சீலையைப் பார்த்தாள். அழுதுகொண்டு ஓடிவருவாள் என்று கையை நீட்டினேன். வரவில்லை. மேசையில் இருந்த நூலகப் புத்தகத்தை எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள், அவ்வளவுதான்.

பக்கத்துப் பட்டணத்துப் பள்ளிவாசலில் இருந்து ஆட்கள் வந்து எல்லாம் முடித்துத் தந்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை என்னிடம் கேட்டாள். இங்கிலிஷில்தான் கேட்டாள்.

"நீங்கள் ஏன் ஒன்றைத் தெரிவு செய்யவில்லை?"

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "நான் வாங்கத்தான் இருந்தன் மகள். உம்மாதான் வேணாமெண்டு சென்னா."

மண் காயாத ஒருத்தியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனானேன். பஸ்லியா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த கிழமை நாய்க்காரப் பெண்மணி தொலைபேசி எடுத்தாள். இரண்டு சாதியிலும் ஒவ்வொரு குட்டி மிச்சம் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டாள். தேவையில்லை என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் மகள் நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்தாள். படிக்கிறாள். நோன்பு பிடிக்கிறாள். என் சட்டைக்கு அயன் போட்டு வைக்கிறாள். கேட்டால் பதில் சொல்வாள், ஆனால் இங்கிலிஷில். உம்மாவோடு கதைத்த பாஷையை உம்மாவோடு அனுப்பிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இப்படித்தான் என்று மற்றவர்களிடம் சொல்லவும் பழகிக்கொண்டேன். அப்படிச் சொன்னால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

6

செவ்வாய்க்கிழமை கண்ட முடியைப் பற்றி ஞாயிறு காலைதான் கேட்டேன். குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம். ஒளிக்காமல் சொன்னாள். கீழ்மாடிக் கிழவருக்குக் கால் ஏலாது, ஒரு மாதமாக அவருடைய நாயைப் பின்னேரத்தில் நடத்திக்கொண்டு போகிறாளாம். என்ன நாய் என்று கேட்டேன். கவலியர் என்றாள். கையைக் கழுவிக்கொண்டுதான் வருகிறேன், ஏழு தரம், என்றும் சொன்னாள். எல்லாம் இங்கிலிஷில்.

அந்த "ஏழு தரம்" என்னை உடைத்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். தமிழில்தான் சொன்னேன், வேறு பாஷையில் எனக்கு அது வராது.

"மகள், நான் ஒரு பொய் சென்ன. நாய் வேணாமெண்டு உம்மா செல்லல்ல. வாங்கிக் குடுங்க எண்டுதான் சென்னா. மூணு தரம் சென்னா. நாந்தான் வாங்கல்ல. எது நல்லம் எண்டு பாக்கிறன் பாக்கிறன் எண்டு நாளக் கடத்தின. ஊராக்கள் கதைப்பாங்க எண்டு பயந்த. பொறகு உம்மாட தலையில போட்டுட்டன்."

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கதிரை அசையவில்லை.

"எனக்குத் தெரியும் வாப்பா."

தமிழ். நிமிர்ந்து பார்த்தேன். பதினைந்து வயதுப் பெண், வேலைக்குப் போகிற பெண்களைப் போலத் தலைமுடி கட்டியிருந்தாள். குரல் மட்டும் பத்து வயதுப் பிள்ளையின் குரல். அந்த வயதில் நிறுத்தியதை அந்த வயதிலிருந்தே தொடங்கினாள், சொற்களைத் தேடித் தேடி.

"உம்மா எனக்குச் செல்லியிருந்தா. 'வாப்பாட்டச் சென்னன். வாங்கிட்டு வருவாரு. கொஞ்சம் மெதுவான ஆளு. நீ அவசரப்படுத்தாத' எண்டு."

அப்படியென்றால் மூன்றாம் நாள் நான் சொன்னது பொய் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் ஐந்து வருடம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"அப்ப நீ ஏன் மகள் என்னட்டக் கேக்கல்ல? உம்மா இருக்கக்குள்ளயே வந்து, எங்க நாய் எண்டு ஏன் கேக்கல்ல?"

"அவசரப்படுத்தப்படாதெண்டு உம்மா சென்னாவே." கோப்பையின் விளிம்பை விரலால் துடைத்தாள். "நான் பள்ளிக்கூடத்தால வந்து யன்னல்ல நிப்பன். நீங்க பஸ்ஸால இறங்கக்குள்ள, முகத்தப் பாக்கமாட்டன் வாப்பா. ஒவ்வொரு நாளும் ஒங்கட கையத்தான் பாப்பன்."